வரைபடத்தில் போடாத மேடு

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குக் கள ஆய்வைப் பற்றித் தெளிவாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆபீஸிலிருந்து கேட்டார்கள். தெளிவு வேண்டுமென்றால் என்னிடம் வந்திருக்கக் கூடாது. வேலையில் இருந்த காலம் முழுக்க, போன ஊரில் பாதியிலாவது குழம்பிப் போய்த்தான் திரும்பியிருக்கிறேன். ஓய்வு பெற்றால் தெளிந்துவிடும் என்று பார்த்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பழைய குழப்பங்கள் இன்னும் வசதியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

கருவிகளைப் பிடிப்பது, அளப்பது, கணினியில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சொல்லப் போவது ஒரே ஒரு ஊரைப் பற்றி. வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது படித்து முடித்ததும் உங்களுக்கே புரியும்.

எங்கள் வேலை கேட்பதற்குச் சுலபமானது. ஊருக்குள் போக வேண்டும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து இரண்டு வரைபடம் போட வேண்டும். ஒன்று இயற்கை வளம்: கண்மாய், ஊருணி, ஓடை, மேய்ச்சல் தரை, மரங்கள். இன்னொன்று பண்பாட்டு வளம்: கோயில், கொடைவிழா நடக்கிற இடம், பழைய மண்டபம், இடுகாடு. பிற்பாடு கண்மாயைத் தூர் வாருகிறவர்களோ ரோடு போடுகிறவர்களோ அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எங்கே மிஷினை இறக்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்வார்கள். இந்த ஊரில் தூர் வாரும் வேலை கோடையில் தொடங்குவதாக இருந்தது. அதற்கு முன் எங்கள் வரைபடம் போயாக வேண்டும்.

மதுரையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஆவணியில் போகலாம், விதைப்புக்கு முந்தைய காலம், ஜனங்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று எல்லோரும் தலையாட்டினோம். நல்ல யோசனைதான். அந்த ஊரில் எல்லோரும் விவசாயம் பார்த்தால்.

சிவகாசி லாட்ஜில் டிபனை முடித்துக்கொண்டு நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்கிற நேரத்தில் கம்பெனி பஸ் வந்து பாதி ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும். மேலத் தெருவில் நிலம் வைத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். மோர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். கிழக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு. ஒரு காலத்தில் மேலத் தெருக்காரர்களின் புன்செய்க் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். இப்போது ஆணும் பெண்ணும் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிறார்கள். ஆவணி என்றால் தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிற மாதம். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

பூட்டிய வீடாக இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் கையேட்டில் எழுதியிருந்தது. அடுத்த வீடும் பூட்டியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கையேடு சொன்னபடியே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மறுபடி மேலத் தெருவுக்கே வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். முதல் சுற்று முடிந்தபோது எங்கள் கையில் அழகான வரைபடம் இருந்தது. அது பாதி ஊரின் வரைபடம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்தப் பக்கம் கரிசல் மண். ஒரு மழை விழுந்தால் செருப்பு நகராது. அடிக்கு அடி மண் ஒட்டி, கால் யானைக்கால் ஆகிவிடும். அதனால் மழை பெய்தால் நாங்கள் லாட்ஜை விட்டு அசைய மாட்டோம். மழை பெய்தால் கம்பெனியிலும் வேலை கிடையாது. வெடிமருந்து ஈரம் பிடித்துவிடும், காயவைத்த வெடியெல்லாம் வீணாகும் என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, நாங்கள் ஊருக்குள் நடக்க முடிகிற நாளில் அவர்கள் ஊரில் இல்லை. அவர்கள் ஊரில் இருக்கிற நாளில் நாங்கள் லாட்ஜில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இது எங்களுக்குப் புரிவதற்கே வெகு நாளாயிற்று. புரிந்தது ஒரு டீக்கடையில். கிழக்குத் தெரு ஆட்களை எப்போது பார்க்கலாம் என்று கேட்டதற்கு, மழை பெய்யும்போது வாங்களேன் என்றார் கடைக்காரர். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு நானும் என்னோடு வேலை பார்த்த பெண்ணும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினோம். ஊருக்குள் கார் போகவில்லை. கண்மாய்க் கரை வழியாக நடந்தோம். கண்மாய் பல வருடமாக நிறையாத கண்மாய். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்குள்ளிருந்து பெண்கள் சிலர் வரிசையாக வெளியே வந்தார்கள். இடுப்பில் வெறும் குடம். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

“வெறகு பொறுக்கப் போனோம்” என்றாள் முன்னால் வந்தவள்.

கொட்டுகிற மழை. நனைந்த விறகைப் பொறுக்க யாராவது போவார்களா? ஒருத்தி தலையிலும் ஒரு சுள்ளி இல்லை. குடத்தில் விறகு கொண்டுவருகிற ஊரை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்று சொல்லி வழிவிட்டேன். அவர்கள் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம். பெண்கள் குனிந்து போகிற அளவுக்கு முள்ளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கண்மாயின் விளிம்பில், பெருமாள்சாமி என்பவரின் காட்டை ஒட்டி ஒரு சின்ன மேடு. அதன்மேல் மஞ்சள் பூசிய மூன்று கல். சுற்றியிருந்த முள்ளில் கண்ணாடி வளையல்கள் கோத்துத் தொங்கின. கல்லைச் சுற்றி அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மழையில் எது மழைத் தண்ணீர், எது குடத்துத் தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை.

இது எங்கள் வரைபடத்தில் இல்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்கவில்லை. புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். நேராகப் பெருமாள்சாமி அய்யா வீட்டுக்குப் போனேன். கண்மாய்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தூர் வார வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் அவர். மானாவாரிப் பயிரை நம்பி நம்பிச் சலித்தவர். கண்மாயில் தண்ணீர் நின்றால் போதும் என்பதுதான் அவர் பேச்செல்லாம். எங்களிடம் பிரியமாக இருப்பார். அன்றைக்கும் துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார். மேட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“அங்கன ஒண்ணுமில்லம்மா. முள்ளுக்காடு. நீங்க எதுக்கு மழையில அங்கிட்டெல்லாம் போறீக?”

கல்லைப் பார்த்தேன் என்றேன். கல் எங்கேதான் இல்லை என்றார். கிழக்குத் தெருவில் கேட்டேன். அன்றைக்கு எல்லா வீடும் திறந்திருந்தது, எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் அதையே சொன்னார்கள். அங்கே ஒன்றும் இல்லை. குடத்தோடு நான் பார்த்த பெண்ணே என் முகத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தெருவும் ஒரே பதிலைச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யார் எதற்காகச் சொல்கிற பொய் என்று விளங்கவில்லை.

மறுநாளும் தூறல் இருந்தது. டீக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது, குடத்தோடு பார்த்த அந்தப் பெண் தானாக வந்தாள். பெயர் பேச்சியம்மாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியில் வேலை. மருமகளும் அங்கேதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நீங்கள் அதை மேப்பில் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். பிறகு சொன்னாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு மார்கழியில் விபத்து. ஒரே அறையில் வேலை பார்த்த மூன்று பெண்கள் இறந்து போனார்கள். மூவரும் கிழக்குத் தெரு. ஒருத்தி பேச்சியம்மாளின் மகள் செல்வி. ஆஸ்பத்திரியில் கடைசி வரைக்கும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறாள். கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சியம்மாள் கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறாள்.

கிழக்குத் தெருவின் இடுகாடு பெருமாள்சாமி காட்டுக்கு அப்பால் இருக்கிறது. அறுப்பு முடிந்து காடு வெறுமனே கிடக்கும்போது சாவு விழுந்தால் நேராக நடந்து போய்விடுவார்கள். பயிர் நிற்கும்போது விழுந்தால் வரப்பு மேலே ஒருக்களித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த மார்கழியில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது. மூன்று பாடை, கூடவே ஊர்ச் சனம், போலீஸ், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். வரப்பு தாங்காது. உள்ளே இறங்கினால் காடு முழுக்க மிதிபட்டுவிடும். பெருமாள்சாமி வந்து வழி மறித்து நின்றிருக்கிறார். கண்மாய் வறண்டுதானே கிடக்கிறது, விளிம்பு மேட்டிலேயே அடக்கம் செய்துகொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பாடையை இறக்க முடியாமல் நின்றவர்கள் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

மழை நாளில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அன்னைக்கு மட்டும் நாலு தூத்தல் விழுந்திருந்தா கம்பெனி லீவும்மா. மூணு பேரும் உசுரோட இருந்திருப்பாளுக. அதான், மழ பேஞ்சு வேல இல்லேன்னா நாங்க தண்ணி எடுத்துட்டுப் போயிருவோம்.”

இதை வரைபடத்தில் போடாமல் வேறு எதைப் போடுவது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேப்புல போட்டுறாதீக. ஆனா மிஷினும் அங்கன வரக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க.”

உங்களில் யாராவது இதற்கு உடனே பதில் வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் லாட்ஜில் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக யோசித்தேன். வழிபாட்டு இடம் என்று போட்டால், பக்கத்தில் சாமி கும்பிடுகிற இடம் இருக்கிறது என்று சொல்லி யாராவது கம்பெனி லைசென்ஸுக்குத் தடை போடுவார்கள் என்று கிழக்குத் தெருவே நடுங்குவதாகப் பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். சட்டம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. பயம் உண்மை. மகளைக் கொன்ற கம்பெனியை மூடிவிடுவார்களோ என்று அந்தத் தாய் பயந்தாள், ஏனென்றால் மருமகளும் அவளும் திங்கிற சோறு அங்கிருந்துதான் வந்தது. அடக்கம் செய்த இடம் என்று போட்டால், கண்மாய்க்குள் எப்படிப் புதைத்தீர்கள், யார் அனுமதித்தது என்று கேள்வி வரும். பெருமாள்சாமி மாட்டுவார். அதைவிட, இடத்தை மாற்று என்று உத்தரவு வந்தால் மூன்று பேரையும் தோண்டி எடுக்க வேண்டும். சரி, இயற்கை வளத்தில் மரக்கூட்டம் என்று போட்டுவிடலாமா என்றால், அங்கே இருந்தது சீமைக்கருவேலம். முதலில் பிடுங்க வேண்டியதே அதைத்தான். ஒன்றுமே போடாமல் விட்டால் மிஷின் நேராக வந்து மேட்டில் ஏறும்.

மதுரையில் இருந்த எங்கள் திட்டத் தலைவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், நிறைய படித்தவர். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, அங்கே பண்பாட்டு வளம் இருக்கிறதா இல்லையா, ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போடுங்கள் என்றார். அவர் மேலே எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்றும் தெரிந்தது. நீங்களும் ஒரு நாள் போனில் இப்படிக் கேட்பீர்கள். அப்போது எதிர்முனையில் இருக்கிற ஆள் உடனே பதில் சொல்லவில்லையென்றால் அவருக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டியதுதான் நம் வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாருடைய உண்மையை, யாரிடம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வரைபடத்தை ஊருக்கு முன்னால் வைத்துச் சரிபார்க்கிற கூட்டம் பாக்கி இருந்தது. அதை மழை நாளில்தான் வைப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆபீஸில் தேதி கேட்டார்கள். மழைக்கு எப்படித் தேதி சொல்வது? காத்திருந்தோம். ஒரு நாள் காலையில் வானம் கருத்து, கம்பெனி பஸ் போன வேகத்தில் திரும்பி வந்தது. இரண்டு தெருவையும் சமுதாயக் கூடத்துக்குக் கூப்பிட்டோம். தரையில் கண்மாயைச் சாக்பீஸால் பெரிதாக வரைந்து வைத்தேன். கரை, மடை, ஓடை, காடுகள். வழக்கமாக, எங்கே என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்போம். அன்றைக்கு அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. முந்தின நாள் யோசித்து வைத்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். எதைக் கேட்டாலும் யாராவது ஒருவர் மாட்டுவார் என்ற பயத்தில், வேறு கேள்வி ஒன்றைக் கேட்டு வைத்தேன். எங்கே இருக்கிறது என்பதை விடுங்கள், மிஷின் எதுவரைக்கும் தோண்டலாம், கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். சாக்பீஸைப் பெருமாள்சாமி அய்யாவிடம் நீட்டினேன்.

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். மடைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து விறுவிறுவென்று கோடு இழுத்துக்கொண்டே போனார். தன்னுடைய காட்டுப் பக்கம் வந்ததும் கை நின்றது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கோடு வளைந்தது. அந்த மேட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போயிற்று. ஏன் வளைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் காரணம் சொன்னார்.

“அங்கன பாறை கெடக்கு. மிஷின் பல்லு ஒடிஞ்சு போகும்.”

கரிசல் காட்டில் கால் வைத்த யாருக்கும் தெரியும், அந்த இடத்தில் பாறை கிடையாது. கிழக்குத் தெருவும் மேலத் தெருவும் சேர்ந்து, ஆமாம், பாறைதான், பெரிய பாறை என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“பாற இன்னுங் கொஞ்சம் தள்ளி வருதுய்யா.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. கோட்டைக் கையால் அழித்துவிட்டு, இன்னும் அகலமாக வளைத்துப் போட்டார். போதுமா என்றும் கேட்கவில்லை. கோடு முடிந்ததும் எழுந்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பாறை என்று எழுதவில்லை. பொய் எழுத மனம் வரவில்லை. ஊரார் முடிவின்படி தோண்ட வேண்டாத பகுதி என்று எழுதி அனுப்பினேன். அது உண்மையா, பாதி உண்மையா, உண்மையை ஒளித்து வைத்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். திட்டத் தலைவர் போனில் அந்த வளைவைப் பற்றிக் கேட்டார். ஊர்க்காரர்கள் போட்ட கோடு என்றேன். அப்படியானால் சரி என்றார். அந்தச் சரிக்காக இப்போதும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கோடையில் மிஷின் வந்தது. கோட்டைத் தாண்டவில்லை. சீமைக்கருவேலம் எல்லாம் போய், மேட்டைச் சுற்றி மட்டும் முள் நின்றது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரையும்போல நானும் நினைத்தேன். இதை நீங்கள் கவனமாகப் படியுங்கள். தோண்டுவதைப் பற்றி அத்தனை நாள் பேசினோம், பயந்தோம், ஒளித்தோம், வளைத்தோம். தோண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்மாயைத் தூர் வாருகிற வேலையில்! பல வருடமாக வறண்டே பார்த்த கண் எங்களுக்கு. தூர் வாருவதையே வேலை என்று நினைத்துவிட்டோம். எதற்காகத் தூர் வாருகிறோம் என்பது மறந்து போயிற்று.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுத மார்கழியில் போனேன். கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. பெருமாள்சாமி அய்யா கல்யாண வீட்டுக்காரர் மாதிரி என்னைக் கரை முழுக்க நடத்திக் காட்டினார். தண்ணீரில் நாமக்கோழி வந்திருக்கிறது பாருங்கள் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் முன்னே பார்த்ததில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

கரையின் அந்தக் கோடியில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, கம்பெனி இல்லை. இடுப்பில் குடம். மேட்டின் மூன்று பக்கமும் தண்ணீர், இடுப்புக்கு மேல் ஆழம். நாலாவது பக்கம் பெருமாள்சாமியின் காடு. ஆளுயரத்துக்கு மக்காச்சோளம், கதிர் பிடித்து, ஈ எறும்பு நுழைய இடமில்லாமல் நின்றது. கோடு போட்ட கையே அந்தப் பக்கத்து வரப்பையும் அந்த வருடம் உழுது சோளத்தோடு சேர்த்திருந்தது. தண்ணீர் வரப் போகிறது என்று தெரியாமல் செய்ததுதான். மழை தொடங்கியதிலிருந்து அவள் மேட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு மழை நாளிலும் கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

“அவளச் சுத்தி அம்புட்டுத் தண்ணி கெடக்கும்மா. நான்தான் போக முடியல. அய்யாகிட்ட வழி கேளுங்க. நான் கேட்டா நல்லாருக்காது” என்றாள்.

ஏன் நல்லாயிருக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் போய்ச் சொன்னேன். வளைத்துச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் மேட்டுக்குப் போக வேண்டும், உங்கள் காட்டைத் தவிர வழி இல்லை என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ஊருக்குள் நடந்தார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். நான் பேச்சியம்மாளோடு கரையிலேயே நின்றேன். அவளும் திரும்பிப் போகவில்லை.

அவர் அருவாளோடு வந்தார். காட்டோரம் இறங்கி, முதல் சோளத் தட்டையைப் பிடித்து அடியோடு வெட்டினார். பிறகு அடுத்தது. வயசான மனிதர், மூச்சு வாங்கியது. கதிரோடு தட்டைகளை இரண்டு பக்கமும் சாய்த்துக்கொண்டே மேட்டைப் பார்த்து முன்னேறினார். ஒரு ஆள் போகிற அகலம் இல்லை. தாராளமாக நாலு பேர் தோளோடு தோள் சேர்த்துப் போகிற அகலம். மேடு வரைக்கும் வெட்டி முடித்துவிட்டுத் திரும்பி வந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“போதுமா, பேச்சி?”

அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அந்த வழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

“அன்னைக்கு இம்புட்டு வெட்டியிருந்தாப் போதும்யா. செல்வி சுடுகாட்டுக்கே போயிருப்பா.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குறையாகச் சொன்ன மாதிரியும் இல்லை. சொல்லிவிட்டு வெட்டிப் போட்ட கதிர்கள் காலில் படாமல் பார்த்துப் பார்த்து நடந்து உள்ளே போனாள். பெருமாள்சாமி அருவாளைக் கீழே வைக்கவில்லை, கையில் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்காருவதா, அவள் பின்னால் போவதா என்று தெரியாமல் நான் தூறலில் நின்றுகொண்டிருந்தேன்.